செய்தவர் பெயரைக் கேட்கும் இலக்கணம்



கொடைக்கானலின் வரலாற்றை 1845இலிருந்து எழுதுவது வழக்கம். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் சமவெளியின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி, அங்கே வீடு கட்டிய ஆண்டு அது. ஆனால் பளியரும் புலையரும் அதற்கு வெகுகாலம் முன்பே பழனி மலையில் வாழ்ந்தவர்கள். மோட்டார் சாலை வரும்வரை, பெரியகுளம் பக்கமிருந்து துரைமார்களை நாற்காலியில் வைத்து மலையேற்றியவை கூலியாட்களின் தோள்கள். ஆங்கிலமும் அந்தத் தோள்களின் மேல்தான் இந்த மலைக்கு ஏறியது.

சுமந்தவர்களின் காதில் எந்த ஆங்கிலம் விழுந்திருக்கும்? வா, போ, தூக்கு, இறக்கு. இலக்கணம் இதை ஏவல் என்கிறது, ஆங்கிலத்தில் இம்பரேட்டிவ். ஏவப்பட்டவர்களுக்கு அந்தப் பெயரைச் சொல்லித்தர ஆளில்லை.

மிஷன் பள்ளிகள் நம் மக்களுக்கு எழுத்தைத் தந்தன. அதை மறுக்க மாட்டோம். ஆனால் 1855இல் ரூபஸ் ஆண்டர்சன் தலைமையில் வந்த அமெரிக்கத் தூதுக்குழு, ஆங்கிலப் பள்ளிகளைக் குறைத்துத் தாய்மொழிக் கல்வியே போதும் என்ற கொள்கையை வலியுறுத்தியது. மிஷனரிகளின் சொந்தப் பிள்ளைகளுக்காக 1901இல் கொடைக்கானலில் தொடங்கிய ஹைகிளர்க் பள்ளியோ ஆங்கிலப் பள்ளி. இதற்கிடையே, 1893இல்தான் சென்னை மாகாண அரசு பஞ்சமர் கல்விக்கெனத் தனி ஆணை போட்டது.

நவுன், வெர்ப், சப்ஜெக்ட், பேசிவ் வாய்ஸ். தொடக்கப் பள்ளியில் தொடங்கும் இந்தச் சொற்களால் நமக்கு என்ன பயன் என்று கேட்பவர்கள், சட்டங்களின் ஆங்கில மூலத்தைப் படித்துப் பாருங்கள். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. அதன் வாக்கியம் செயப்பாட்டுவினை. தீண்டாமையைக் கடைப்பிடிப்பவர் அதில் இல்லை. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டத்தில் 'எவரேனும்' என்று ஒரு எழுவாய் வந்து சேர்கிறது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இன்னும் ஓர் அடி முன்னே போய், குற்றம் செய்பவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராதவர் என்கிறது. செய்தவர் வாக்கியத்துக்குள் வர 39 ஆண்டுகள் ஆயின.

இன்றும் செய்தித்தாளில் குடிசைகள் 'எரிக்கப்படுகின்றன', நிலம் 'பறிக்கப்படுகிறது'. எரித்தது யார், பறித்தது யார் என்று கேட்கக் கற்ற பிள்ளை, காவல் நிலையத்தில் எழுதித்தரும் முதல் தகவல் அறிக்கையையும் அப்படியே ஏற்காது.

இந்தச் சொற்கள் நமக்கு அந்நியமும் அல்ல. நவுன் என்பதன் லத்தீன் வேர்ச்சொல்லுக்குப் பெயர் என்றே பொருள். பெயர், வினை என்ற பாகுபாடு தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. எனவே நாங்கள் கேட்பது இதுதான்: மலைக் கிராமத்தின் ஓராசிரியர் பள்ளியிலும் பெயர்ச்சொல்லோடு நவுனையும், செயப்பாட்டுவினையோடு பேசிவ் வாய்ஸையும் சேர்த்தே சொல்லித்தர வேண்டும். மனப்பாடத்துக்காக அல்ல. ஒவ்வொரு வாக்கியத்திலும் செய்தவர் யார் என்று நம் பிள்ளைகள் தேட வேண்டும் என்பதற்காக.