பனிக்கடலும் ஒரு ஜோடிக் கையுறையும்

கயாக் என்ற ஒடுங்கிய படகில் உட்கார்ந்தவரின் கால்கள் படகுக்குள் மறைந்துவிடும். உடம்பை மேலங்கி காப்பாற்றும். ஒவ்வொரு துடுப்பு வீச்சுக்கும் நனைந்து, காற்றில் காய்ந்து, மறுபடி நனைவது கைகள்தான். குளிர்காலத்தில் விரல் விறைத்தால் துடுப்பு நழுவும். துடுப்பு போய்விட்டால் அப்புறம் படகைக் கடல்தான் ஓட்டும்!

கயாக் என்பது இனுயிட் மக்களின் சொல். (பாடப்புத்தகத்தில் எஸ்கிமோ என்று படித்தோமே, அவர்கள்தான். அந்தப் பெயரை அவர்களில் பலர் விரும்புவதில்லை.) மரம் அரிதான கிரீன்லாந்தில், கடலில் மிதந்து வரும் கட்டைகளால் சட்டம் கட்டி, அதன்மேல் சீல் தோலைப் போர்த்தி இந்தப் படகைச் செய்தார்கள். வேட்டைக்குப் போகிறவர் 'துயிலிக்' என்ற தோல் மேலங்கியைப் போட்டுக்கொள்வார். அதன் கீழ்விளிம்பு படகின் வாயோடு கட்டப்படும். முகத்தைச் சுற்றியும் மணிக்கட்டிலும் வாரால் இறுக்கப்படும். படகு கவிழ்ந்தாலும் தண்ணீர் உள்ளே புகாது. கைக்குத் தோலுறை. அதில் கட்டைவிரலுக்கு மட்டும் தனி இடம், மற்ற நான்கு விரலுக்கும் ஒரே பை. விரல்கள் ஒட்டிக்கொண்டிருந்தால் ஒன்றின் சூடு இன்னொன்றுக்குக் கிடைக்கும் என்பது எளிய கணக்கு.

ஐஸ்லாந்து மீனவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அவர்களுடைய கம்பளிக் கையுறைக்கு இரண்டு கட்டைவிரல்! உள்ளங்கைப் பக்கம் தேய்ந்துவிட்டால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். சிக்கனம் என்றால் இது சிக்கனம்.

உறையில்லாத கைக்கு என்ன ஆகும் என்பதற்கு நான்சென் கதையே போதும். நார்வேக்காரரான இவர், வட துருவத்தை எட்ட முயன்று முடியாமல், யோஹான்சென் என்ற தோழரோடு திரும்பிக்கொண்டிருந்தார். 1896 ஜூன் 12 அன்று, பிரான்ஸ் ஜோசப் தீவுகளின் பக்கம், இருவரும் கரையேறியிருந்த நேரத்தில் ஒன்றாகக் கட்டியிருந்த இரண்டு கயாக்குகளும் காற்றில் விலகிப் போய்விட்டன. உணவு, துப்பாக்கி எல்லாம் அதில்தான். கைக்கடிகாரம் பரவலாகாத காலம். பையிலிருந்த கடிகாரத்தைத் தோழரிடம் கொடுத்துவிட்டு நான்சென் பனிநீரில் குதித்தார். நீந்தி நீந்தி உடம்பு மரத்துப்போயிற்று. படகைத் தொட்டபிறகும் ஏற முடியவில்லை. எப்படியோ ஒரு காலைத் தூக்கிப் போட்டு ஏறினார். நடுங்கிக்கொண்டே துடுப்புப் போட்டவர், வழியில் இரண்டு கடற்பறவைகளைச் சுட்டு எடுத்துக்கொண்டு வந்ததுதான் வேடிக்கை. யோஹான்சென் அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்தாராம்.

காரணம் சாதாரணமானது. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டை உறிஞ்சும். உடம்போ இதயத்தையும் மூளையையும் காப்பாற்ற, விரல்களுக்குப் போகும் ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும். முதலில் வெட்டுப்படுவது விரல்களின் பங்குதான். அதனால் கைக்கு உறை போட்டால் மட்டும் போதாது. உடம்பும் தலையும் சூடாக இருந்தால்தான் விரலுக்கு ரத்தம் வரும். துயிலிக் அங்கியில் தலைமூடியும் சேர்த்தே தைக்கப்பட்டிருந்தது.

1930-ல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பர் பிறந்தது. அதை நுரை வடிவில் கையுறையாக்கியதும் கதகதப்பு கிடைத்தது. ஆனால் துடுப்பைப் பிடிக்கும் உணர்வு குறைந்தது. இதற்கு மாற்றாக வந்தது 'போகி'. (நம்ம பழையன கழிதலும் போகி இல்லை!) இது கையில் மாட்டுவதில்லை, துடுப்பில் மாட்டுவது. துடுப்புத் தண்டைச் சுற்றி உறையைப் பொருத்திவிட்டு, உள்ளே வெறுங்கையை நுழைத்துத் தண்டைப் பிடித்துக்கொள்வார்கள். காற்றும் தெறிப்பும் வெளியே நின்றுவிடும். கையை வெளியே எடுத்தால்தான் வம்பு, அதற்காகப் பலர் ஒரு ஜோடி நியோப்ரீன் கையுறையையும் கூடவே வைத்துக்கொள்கிறார்கள்.