தமிழ் வெகுஜன நாவல்

பத்திரிகைகளின் வழியே பெருவாரியான வாசகர்களைச் சென்றடைந்த தமிழ் நாவல் வகை. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் அச்சேறியது. ஆனால் நாவலுக்கென்று ஒரு வாசகர் கூட்டம் திரண்டது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், துப்பறியும் கதைகளால்தான். ஆரணி குப்புசாமி முதலியார் ரெனால்ட்ஸின் ஆங்கிலக் கதைகளைத் தமிழ்ச் சூழலுக்கு மாற்றி எழுதினார். ஜே. ஆர். ரங்கராஜு துப்பறியும் கோவிந்தனைப் படைத்தார். வடுவூர் துரைசாமி ஐயங்கார் திகம்பர சாமியாரைப் படைத்தார். முறையே இவ்விருவரும் எழுதிய 'இராஜாம்பாள்', 'மேனகா' இரண்டும் திரைப்படங்களாயின.

இவர்களுக்குப் பின் வந்த வை. மு. கோதைநாயகி அம்மாள் (1901–1960) தமிழ்ப் பதிப்புலகில் தனித்து நிற்பவர். பள்ளிக்கூடம் போகாத அவர், எழுதப் பழகுமுன் தம் முதல் நாடகத்தைத் தோழி ஒருவரிடம் சொல்லி எழுதவைத்தார். 1925-இல் 'ஜகன்மோகினி' இதழைத் தாமே ஏற்று நடத்தத் தொடங்கினார். 115 நாவல்கள் எழுதினார். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றபோதும் எழுத்து நிற்கவில்லை. கதையும் அவருடையது, இதழும் அவருடையது என்பதால் விற்பனையின் பலன் அவர் கைக்கே வந்தது. இலக்கிய வரலாறுகள் அவருக்குத் தந்திருக்கும் இடம் மிகக் குறைவு.

கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தியும் சொந்த இதழின் பலத்தில் எழுதியவரே. 1941-இல் 'கல்கி' இதழைத் தொடங்க, 'சாவித்திரி' படத்தில் எம். எஸ். சுப்புலட்சுமி நாரதராக நடித்து ஈட்டிய பணம் உதவியது. 1950 முதல் 1954 வரை வந்த 'பொன்னியின் செல்வன்' தொடரை வீடுதோறும் வாரவாரம் கிழித்தெடுத்து பைண்டு செய்து வைத்தார்கள். அந்த பைண்டு புத்தகங்கள் கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டன. அந்த வாசிப்பு எந்த விற்பனைக் கணக்கிலும் ஏறாதது. பின்னர் 'குமுதம்' சாண்டில்யனின் சரித்திரத் தொடர்களால் வாசகர்களை ஈர்த்தது. தமிழ்வாணன் 'கல்கண்டு' ஆசிரியராக இருந்தபடியே துப்பறியும் சங்கர்லாலைப் புகழ்பெறச் செய்தார்.

சுஜாதா (1935–2008) வேறு வழியில் சென்றவர். 1968-இல் 'நைலான் கயிறு' மூலம் வக்கீல் கணேஷை அறிமுகப்படுத்திய அவர், எழுத்தின் உச்சத்தில் இருந்தபோதும் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளர் வேலையை விடவில்லை.

1969-இல் தந்தி குழுமம் தொடங்கிய 'ராணி முத்து' மாதம் ஒரு முழு நாவல் என்ற முறையைப் பரப்பியது. 'மாலைமதி' முதலியன தொடர்ந்தன. சாணித்தாள், பளபளக்கும் வண்ண அட்டை, சில ரூபாய் விலை: பஸ் ஸ்டாண்டிலும் ரயில் நிலையக் கடையிலும் தொங்கிய இந்த மாத நாவல்களை, புத்தகக் கடைப் பக்கமே போகாதவர்களும் வாங்கினார்கள். 1980-களில் கோவை ராஜேஷ்குமார், பரத்–சுசீலாவைப் படைத்த பட்டுக்கோட்டை பிரபாகர், இரட்டையர் சுபா ஆகியோர் இதன் நாயகர்கள். ஜி. அசோகனின் 'க்ரைம் நாவல்' ராஜேஷ்குமாரின் பெயரை நம்பியே விற்றது. ராஜேஷ்குமார் எழுதிய நாவல்கள் 1,500-ஐத் தாண்டும். குடும்பக் கதைகளில் ரமணிசந்திரனுக்குப் பெண் வாசகர்கள் பெருந்திரளாக இருந்தனர். இந்த முறையில் எழுத்தாளருக்குப் பெரும்பாலும் கிடைத்தது கதைக்கு ஒரு சன்மானம். அதனால் நிறைய எழுதினால்தான் வருமானம். கதைகளில் அவசரம் தெரிகிறது என்று குறை சொல்லும் விமர்சகர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

1990-களில் தனியார் தொலைக்காட்சித் தொடர்கள் மாலை நேரத்தைப் பிடித்துக்கொண்டதும் மாத நாவல் சரிந்தது. இந்திரா சௌந்தர்ராஜன் 'மர்ம தேசம்' வழியே சின்னத்திரைக்கும், சுபா 'அயன்', 'கோ' போன்ற படங்களின் வழியே சினிமாவுக்கும் சென்றனர். 2008-இல் சென்னை பிளாஃப்ட் பதிப்பகம் தமிழ் வெகுஜனக் கதைகளின் ஆங்கிலத் தொகுப்பை வெளியிட்டது. 2022-இல் மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' படம் வந்தபோது, ஏற்கெனவே நாட்டுடைமையாகியிருந்த அந்த நாவல் பல பதிப்பகங்களின் வெளியீடாகக் கடைகளில் கிடைத்தது.