அரக்கி கட்டவில்லை!

நடுநிலக் கடலிலே, சிசிலிக்குத் தெற்கே, ஒரு சிறு தீவுக் கூட்டம் உண்டு. பெயர் மால்டா. பரப்பு 316 சதுரக் கிலோமீட்டர்தான். பரப்பிலே சிறியது, பழமையிலே பெரியது!

அக்கூட்டத்தைச் சேர்ந்த கோசோத் தீவில், ஜகன்டியா என்னும் பெருங்கற்கோயில்கள் நிற்கின்றன. அவற்றுள் முந்தியது எழுந்த காலம் கி.மு. 3600ஐ ஒட்டியது. எகிப்தின் கீசாப் பிரமிடுகளுக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு மூத்தது! கற்களிற் சில ஐந்து மீட்டருக்கும் மிகுந்த நீளம். ஐம்பது டன் எடை.

எழுப்பியவர் யார்? அரக்கி என்றது பழங்கதை. அவரையும் தேனும் உண்டு, தோளிலே குழந்தையைச் சுமந்தவாறே கல்லடுக்கினாளாம்! ஜகன்டியா என்ற பெயரும் அரக்கரைக் குறித்து எழுந்ததே.

கதை இனிக்கிறது; உண்மையோ அதனினும் இனிக்கிறது. உலோகமறியா உழவர் குடியினர், கல்லையும் மான்கொம்பையுமே கருவியாக்கினர். தர்ஷியென் கோயிலில் கிடைத்த கல்லுருண்டைகள், பாறைகளை உருட்டி நகர்த்த உதவியவை என ஆய்வாளர் கருதுகின்றனர். அரக்கியின் ஆற்றலன்று அது. பலர் கூடி இழுத்த பாடு!

மண்ணுள் மறைந்ததை மீட்டவர் யார்? 1902இல் நீர்த்தொட்டி வெட்டிய தொழிலாளர், ஹல் சஃப்லியெனியின் நிலவறையைக் கண்டனர். பாறையைக் குடைந்து மூன்று அடுக்காக அமைந்த அவ்விடுகாட்டில், ஏறத்தாழ ஏழாயிரம் பேர் துயின்றனர். தர்ஷியெனின் தடயமோ உழவர் நிலத்திலே தட்டுப்பட்டது; 1915இல் தெமிஸ்டோக்லிஸ் சம்மிட் அகழத் தொடங்கினார். கட்டியதும் உழைத்த கை. காட்டியதும் உழைத்த கை!

அரக்கியை விரட்டிய அறிஞரிலும் சிலர் தடுமாறினர். சின்னஞ்சிறு தீவினர்க்கு இத்திறன் ஏது? கிழக்கே உயர்ந்த நாகரிகத்திடம் கற்றிருப்பர் என்றனர். கரிமக் காலக்கணிப்பு வந்தது, அக்கருத்து கவிழ்ந்தது. கற்பித்ததாகக் கூறப்பட்ட நாகரிகங்களின் கற்கட்டடங்களைவிட, கற்றதாகக் கூறப்பட்ட தீவின் கோயில்களே மூத்தவை!

ஜகன்டியாவும் நிலவறையும் 1980இல் உலக மரபுச் சின்னங்களாயின. ஏனைய கோயில்கள் சில 1992இல் சேர்ந்தன. கல்லுக்குக் காவல் கிடைத்தது, நன்று. அதனைச் சுமந்தவனுக்குப் பெயரில்லை. அவன் உழைப்பை அரக்கிக்கும் அயலானுக்கும் எழுதிவைக்காதிருப்பதே, நாம் அவனுக்குத் தரக்கூடிய கூலி!