ரயில் விபத்தும் முதல் செய்திக் குறிப்பும்

மக்கள் தொடர்புத் துறை படிக்கும் மாணவர்கள் செய்திக் குறிப்பு எழுதப் பழகும்போது, யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்ற ஆறு கேள்விகளுக்கும் தொடக்கத்திலேயே பதில் வந்துவிட வேண்டும் என்று சொல்லித் தருவார்கள். முக்கியமானது மேலே, மற்றவை கீழே. எல்லாம் முடிந்த பிறகு, தொடர்புக்கு ஒரு பெயரும் தொலைபேசி எண்ணும். இந்தக் கடைசி வரியை ஏதோ சம்பிரதாயம் என்று நினைத்துத்தான் பலரும் எழுதுகிறார்கள். ஆனால் அந்த வரிக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது.

1906 அக்டோபர் 28, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி அருகே மூன்று பெட்டிகள் கொண்ட ஒரு மின்சார ரயில், பாலத்தில் தடம் புரண்டு தண்ணீரில் விழுந்தது. 53 பேர் இறந்தார்கள். அந்தப் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியே சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. பாதை பென்சில்வேனியா ரயில்வேயின் கட்டுப்பாட்டில் இருந்தது. விபத்து நடந்தால் வாயை மூடிக்கொள்வதுதான் அன்றைய ரயில்வே கம்பெனிகளின் வழக்கம். நிருபர்களை அண்டவே விடமாட்டார்கள்.

அந்தக் கம்பெனிக்கு ஆலோசகராக இருந்தவர் ஐவி லீ. நியூயார்க் பத்திரிகைகளில் நிருபராக இருந்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர். மறைத்தால் வதந்திதான் பரவும் என்பது அவருக்குத் தெரியும். கம்பெனியின் பெயரிலேயே விபத்து பற்றிய ஓர் அறிக்கையைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். அக்டோபர் 30 அன்று நியூயார்க் டைம்ஸ் அதை அப்படியே வெளியிட்டது. உலகின் முதல் செய்திக் குறிப்பு இதுதான் என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. (பத்திரிகைகளுக்கு எழுதிக் கொடுப்பது அதற்கு முன்பும் உண்டு. எனவே 'முதல்' என்பதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படிக்க வேண்டும்.)

அதே 1906-ல், நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தத்தின்போது, லீ பத்திரிகை ஆசிரியர்களுக்கு ஒரு கொள்கை அறிக்கை அனுப்பியிருந்தார். எங்கள் வேலை ரகசியமானதல்ல, வெளிப்படையாகவே செய்கிறோம். நாங்கள் தருவது விளம்பரம் என்று தோன்றினால் அதைப் பயன்படுத்தாதீர்கள். எந்தத் தகவலையும் நீங்கள் சரிபார்க்க நாங்கள் உதவுவோம் என்பது அதன் சாரம். செய்திக் குறிப்பின் அடியில் வரும் பெயரும் எண்ணும் செய்யும் வேலை இதுதான். 'சந்தேகமா, கேளுங்கள்' என்று ஆசிரியரிடம் சொல்கிற வரி அது. நம்மூர் நாளிதழ்களில் 'இவ்வாறு அந்தச் செய்திக் குறிப்பில் கூறப்பட்டுள்ளது' என்று முடியும் செய்திகளைப் பார்த்திருப்பீர்கள். சொன்னது நாங்களல்ல, அவர்கள் என்று பத்திரிகை ஒதுங்கிக்கொள்ளும் இடம் அது. அப்படியானால் பொறுப்பு முழுக்க எழுதி அனுப்பியவர் தலையில்தானே!

இதை எழுதி வைத்தவரே எட்டு வருடத்தில் மீறினார் என்பதுதான் கதையின் மறுபக்கம்.

கொலராடோவில் ராக்ஃபெல்லர் குடும்பத்துக்குப் பெரும்பங்கு இருந்த ஒரு கம்பெனியின் சுரங்கத் தொழிலாளர்கள் 1913 செப்டம்பரில் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கம்பெனி வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டுக் குடும்பத்தோடு கூடாரங்களில் தங்கினார்கள். 1914 ஏப்ரல் 20 அன்று லட்லோ என்ற இடத்தில் இருந்த கூடாரங்களைப் படையினரும் கம்பெனிக் காவலர்களும் தாக்கினார்கள், கூடாரங்கள் எரிந்தன. ஒரு கூடாரத்துக்கு அடியில் தோண்டிய குழிக்குள் பதுங்கியிருந்த 2 பெண்களும் 11 குழந்தைகளும் மூச்சுத்திணறி இறந்தார்கள். நாடே கொதித்தது. ராக்ஃபெல்லர் தரப்பு ஐவி லீயை அழைத்தது.

லீ தயாரித்த சிறு வெளியீடுகள் நாடு முழுக்கப் போயின. சுரங்க முதலாளிகள் கமிட்டியின் பெயரில் வந்த அவற்றில் எழுதியவர் யார் என்ற விவரம் இல்லை. தொழிற்சங்கத் தலைவர்கள் ஒரு வருடத்தில் வாங்கிய தொகையை 9 வாரத்தில் வாங்கியதாகப் போட்டிருந்தார்கள். தொழிலாளர்கள் 'மதர் ஜோன்ஸ்' என்று அழைத்த மூதாட்டியின் மீது, விபச்சார விடுதி நடத்தியவர் என்ற பழைய அவதூறு மறுபடி அச்சேறியது. எழுத்து நடை என்று பார்த்தால் குறை சொல்ல முடியாது. சுருக்கமாக, எண்களோடு, எளிமையாக இருந்தன. ஒரு மாணவர் இப்படி எழுதிக் கொடுத்தால் நல்ல மதிப்பெண்ணே கிடைக்கும்!

1915-ல் அமெரிக்க அரசின் தொழிலுறவு ஆணையம் லீயைக் கூப்பிட்டு விசாரித்தது. இந்தத் தகவல்களைச் சரிபார்த்தீர்களா என்று கேட்டார்கள். கம்பெனி கொடுத்ததைத் தொகுத்து நல்ல வடிவத்தில் தருவது மட்டுமே தன் வேலை, தகவல்களுக்குத் தான் பொறுப்பில்லை என்பதே அவர் பதிலாக இருந்தது. சரிபார்க்க உதவுவோம் என்று ஆசிரியர்களுக்கு வாக்குக் கொடுத்தவர், தானே சரிபார்க்கவில்லை. எழுத்தாளர் அப்டன் சின்க்ளேர் அவருக்கு 'பாய்சன் ஐவி' என்று பெயர் சூட்டினார். பாய்சன் ஐவி என்பது தொட்டால் தோல் அரிக்கும் ஒரு கொடி. 1934-ல் லீ இறந்தபோதும் அந்தப் பெயர் அவரை விட்டுப் போயிருக்கவில்லை.