குழந்தைகளின் சிறுநீரகக் கட்டி: ஒரு மரபணுவைத் தேடிய கதை

குளிப்பாட்டும்போது குழந்தையின் வயிற்றில் ஒரு பக்கம் கல் மாதிரி ஏதோ கையில் தட்டுப்படுகிறது. பெரும்பாலும் வலி இருக்காது. குழந்தை ஓடியாடி விளையாடிக்கொண்டுதான் இருக்கும். மாந்தம் என்று நினைத்து வீட்டில் நாட்களைக் கடத்தி விடுவார்கள்... வில்ம்ஸ் கட்டி பல வீடுகளில் இப்படித்தான் தெரியவருகிறது. சுமார் 10,000 குழந்தைகளில் ஒருவருக்கு, பெரும்பாலும் 5 வயதுக்குள் வரும் சிறுநீரகப் புற்றுநோய் இது.

மாக்ஸ் வில்ம்ஸ் ஒரு ஜெர்மானிய அறுவை மருத்துவர். இந்தக் கட்டிக்குள் தசை உட்படப் பலவகைத் திசுக்கள் கலந்திருப்பதைப் பார்த்தார். கரு வளரும் காலத்துச் செல்களில்தான் இதன் வேர் இருக்கிறது என்று 1899இல் எழுதினார். மரபணு என்ற சொல்லே பிறக்காத காலம் அது! 1918இல், போர்க்கைதி ஒருவருக்குச் சிகிச்சை செய்தபோது தொற்றிய தொண்டை அடைப்பான் நோயால் அவர் இறந்துபோனார்.

முதலில் கத்தி மட்டுமே மருந்து. பிறகு கதிர்வீச்சு வந்தது. 1940இல் மண்ணில் வாழும் நுண்ணுயிரியிலிருந்து பிரித்தெடுத்த ஆக்டினோமைசின் என்ற மருந்தை, 1950களில் பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் இந்தக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பிழைப்பவர்கள் எண்ணிக்கை வேகமாக ஏறியது. நம் பக்கத்தில், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில், 1960இல் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு வந்தது. இந்தியாவில் அதுவே முதல்.

சரி, நோய் ஏன் வருகிறது? 1964இல் ஒரு துப்பு கிடைத்தது. இந்தக் கட்டி வந்த 440 குழந்தைகளில் 6 பேருக்குப் பிறவியிலேயே கண்ணில் ஐரிஸ் இல்லை. மிக அபூர்வமான குறை அது. தற்செயலாக இத்தனை பேருக்கு இருக்க வாய்ப்பில்லை. பிற்பாடு அப்படிப்பட்ட குழந்தைகளிடம் 11ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு விடுபட்டிருப்பது தெரிந்தது. 1972இல் ஆல்ஃபிரட் நட்சனும் லூயிஸ் ஸ்ட்ராங்கும் ஒரு கணக்கைச் சொன்னார்கள். அப்பா தந்தது, அம்மா தந்தது என மரபணுவின் இரண்டு பிரதிகளும் கெட்டால்தான் கட்டி வரும். ஒன்று பிறவியிலேயே கெட்டிருந்தால் நோய் சீக்கிரம் வரும், சிலருக்கு இரண்டு சிறுநீரகத்திலும் வரும். 1990இல் அந்த மரபணு பிடிபட்டது. அதுதான் டபிள்யூ.டி.1. அதை நீக்கிய எலிகளுக்குச் சிறுநீரகமே உருவாகவில்லை என்று 1993இல் தெரிந்தது.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. பெரும்பாலான கட்டிகளில் டபிள்யூ.டி.1 நன்றாகவே இருந்தது!

மற்ற விடைகள் செல்களின் சமிக்ஞைகளில் கிடைத்தன. கருவில், சிறுநீரகமாக மாறவேண்டிய செல்களுக்கு 'விண்ட்' என்ற சமிக்ஞை வருகிறது. அதை உள்ளே கொண்டுசெல்வது பீட்டா கேட்டனின் என்ற புரதம். வேலை முடிந்ததும் செல் அந்தப் புரதத்தை அழித்துவிடும். சடுதிமாற்றத்தால் அழிக்க முடியாமல் போனால்? ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு சிக்னல் பச்சையிலேயே நின்றுபோனால் பொத்தேரியில் என்ன நடக்குமோ அதுதான் அங்கேயும். செல் முதிராமல் பெருகிக்கொண்டே போகிறது. இன்னொரு வழியும் உண்டு. ஐ.ஜி.எஃப்.2 என்ற வளர்ச்சி மரபணுவில் அப்பாவின் பிரதி மட்டுமே பேசவேண்டும். அம்மாவின் பிரதியும் பேச ஆரம்பித்தால் வளர்ச்சிக் கட்டளை இரட்டிப்பாகிறது.

இதெல்லாம் வெறும் ஏட்டறிவு இல்லை. ஐரிஸ் இல்லாமல் பிறந்து, குரோமோசோமில் அந்தத் துண்டும் விடுபட்ட குழந்தைக்கு 3 மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்தால் கட்டியைச் சிறியதாக இருக்கும்போதே பிடிக்கலாம். கட்டியின் குரோமோசோம்களைப் பார்த்து, யாருக்கு மருந்தைக் கூட்டுவது, யாருக்குக் குறைப்பது என்று முடிவு செய்கிறார்கள். வளர்ந்த நாடுகளில் இன்று 10 குழந்தைகளில் 9 பேர் பிழைக்கிறார்கள்.

அந்த ஒன்பதில் ஒன்றாக நம் ஊர்க் குழந்தையும் இருக்க வேண்டும். அதற்கு முதல் தேவை, வயிற்றில் கட்டி தட்டுப்பட்டால் அதை அழுத்திப் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் போவதுதான்.