பனி தள்ளும் லாரி பிறந்த கதை

அமெரிக்காவின் வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் பக்கம் கூரை வேய்ந்த மரப்பாலங்கள் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் குளிர்காலம் வந்துவிட்டால் அங்கே சிலருக்கு ஒரு விநோதமான வேலை இருந்தது. வெளியே குவிந்து கிடக்கும் பனியை அள்ளிவந்து பாலத்துக்குள் பரப்ப வேண்டும். கூரை இருப்பதால் பாலத்தின் பலகையில் பனி விழாது. பனி இல்லாவிட்டால் குதிரைகள் இழுக்கும் சறுக்குவண்டி ஓடாது. ரோட்டில் விழுந்த பனியையும் யாரும் அகற்றவில்லை. பெரிய மர உருளையைக் குதிரைகளைக் கொண்டு இழுத்து, பனியை அழுத்திக் கெட்டியாக்கி, குளிர்காலம் முடியும்வரை காப்பாற்றி வைத்தார்கள்.

பனி தள்ளும் லாரியின் கதையை நான் இங்கிருந்துதான் தொடங்குவேன். மில்வாக்கி போன்ற நகரங்களில் 1860களிலேயே குதிரை பூட்டிய பனிக்கலப்பை இருந்தது உண்மைதான். ஆனால் ஊருக்கும் ஊருக்கும் இடையே ஓடும் நெடுஞ்சாலையில் பனியை அகற்றுவது அரசின் கடமை என்று ஆனது காரும் லாரியும் வந்த பிறகு. ரப்பர் டயருக்கு வெறும் தரை வேண்டும்.

அந்தக் கடமையை அவசரமாக்கியது போர். 1917இல் முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியதும் ரயில் பாதைகள் சரக்கால் திணறின. பிரான்சுக்குப் போக வேண்டிய ராணுவ லாரிகளை ஏற்ற ரயிலில் இடமில்லை. அந்த டிசம்பரில் முப்பது பேக்கார்ட் லாரிகள் தங்கள் சக்கரத்திலேயே கிழக்குக் கரையின் பால்டிமோர் துறைமுகத்துக்குக் கிளம்பின. நடுவில் பென்சில்வேனியாவின் அலகேனி மலை. குளிர்காலத்தில் லாரிகள் அந்த மலையைக் கடக்க வேண்டும் என்பதற்காக அம்மாநில நெடுஞ்சாலைத் துறை ஆட்களையும் கருவிகளையும் இறக்கி வழியைத் திறந்து வைத்தது. அதற்குப் பின் குளிர்காலத்தில் சாலையை மூடிவிடுவது இயற்கை என்று மக்களிடம் சொல்ல முடியவில்லை.

வழி திறக்கத் தகுந்த லாரி வேறோர் ஊரில் ஏற்கெனவே பிறந்திருந்தது. விஸ்கான்சின் மாநிலத்தின் கிளின்டன்வில் என்ற சிற்றூர். அங்கே ஓட்டோ ஜாகோ, வில்லியம் பெசர்டிச் என்ற மைத்துனர்கள் இருவர் பட்டறை வைத்திருந்தார்கள். நான்கு சக்கரத்துக்கும் இன்ஜினின் விசை போகும்படி ஓர் அமைப்பை உருவாக்கி 1908இல் காப்புரிமை பெற்றார்கள். விசை வாங்கும் முன்சக்கரம் திரும்பவும் வேண்டும் அல்லவா, அந்தச் சிக்கலை அவர்களின் மூட்டு தீர்த்தது. அதிலிருந்து எஃப்.டபிள்யூ.டி. நிறுவனம் வந்தது. பெசர்டிச் பின்னால் பிரிந்துபோய் 1917இல் இன்னொரு நிறுவனத்தைத் தொடங்கினார். ஆஷ்காஷ் லாரிகள் அதன் வழி வந்தவை. ஒரே பட்டறையின் இந்த இரண்டு கிளைகளும் பனி தள்ளும் லாரிகளுக்குப் பெயர் வாங்கியவை.

போர் முடிந்ததும் மிச்சமான ராணுவ லாரிகளை மத்திய அரசு மாநில நெடுஞ்சாலைத் துறைகளுக்குக் கொடுத்தது. சேற்றில் பீரங்கி இழுக்கச் செய்த நான்கு சக்கர விசை, பனியில் இரும்புத் தகட்டைத் தள்ளவும் போதுமானதாக இருந்தது. நியூயார்க் மாநிலத்தின் கிளேட்டனில் கார்ல் ஃபிரிங்க் 1920 வாக்கில் லாரியின் மூக்கில் மாட்டும் பனிக்கலப்பைகளைச் செய்யத் தொடங்கினார். லாரியும் கலப்பையும் சேர்ந்துவிட்டன.

சேர்ந்த பிறகுதான் தொல்லைகள் தெரிந்தன. எனக்கு இந்தக் கதையின் சாரமே இந்தத் தொல்லைகளில்தான் இருக்கிறது. சரக்கு ஏற்றச் செய்த லாரி பாரத்தைப் பின்னால் சுமக்கும். பனி லாரியோ ஒரு டன்னுக்கும் மேலான இரும்பை முன் அச்சுக்கும் முன்னால் தொங்கவிட்டுக்கொண்டு ஓடுகிறது. நெம்புகோல் கணக்குப்படி, அப்படித் தொங்கும் பாரம் தன் எடையை மட்டும் முன் அச்சில் வைப்பதில்லை. பின் அச்சின் பாரத்திலும் கொஞ்சத்தைத் தூக்கி முன்னே தள்ளும். ஆகவே, நெடுந்தூர லாரிக்கு 12,000 பவுண்டு தாங்கும் முன் அச்சு போதும் என்றால், பனி லாரிக்கு 20,000 பவுண்டு, அதாவது ஒன்பது டன் அளவுக்குக் கேட்கிறார்கள். பக்கவாட்டில் இன்னொரு தகடு மாட்டினால் அதன் பாரமும் கணக்கில் சேரும்.

அடுத்த தொல்லை உப்பு. 1938இல் நியூ ஹாம்ப்ஷயர் சாலையில் உப்புத் தூவிச் சோதித்துப் பார்த்தது. 1941-42 குளிர்காலத்தில் நாடு முழுதும் தூவியது வெறும் 5,000 டன். இன்று ஆண்டுக்கு இரண்டு கோடி டன் அளவில் போகிறது. சாலையைக் காப்பாற்றும் அந்த உப்பு லாரியைத் தின்கிறது. சேஸிஸின் நீளச் சட்டத்தைப் பலப்படுத்த ஒன்றோடொன்று ஒட்டி இரட்டைச் சட்டம் வைப்பது பழைய வழக்கம். உப்புநீர் இரண்டுக்கும் நடுவில் புகுந்தால் துரு உப்பும். உப்பிய துரு தடித்த எஃகையே பிரித்து வளைத்துவிடும். இதைக் கண்ணால் கண்ட நெடுஞ்சாலைத் துறைகள் சில இப்போது இரட்டை வேண்டாம், ஒற்றையாகத் தடித்த சட்டம் கொடு என்று டெண்டரில் எழுதுகின்றன. பாடி கட்டுவதற்குத் துருப்பிடிக்காத எஃகு கேட்பதும் உப்பால்தான். மின்கம்பியைச் சோதிக்க அதன் உறையில் ஊசி குத்தாதே என்று மெக்கானிக்கிடம் கண்டிப்பாகச் சொல்வார்கள். அந்த ஊசித்துளை போதும், உப்பு உள்ளே போய்க் கம்பியைப் பச்சை பூக்க அரித்துவிடும்.

தகட்டை ஏற்றி இறக்கும் ஹைட்ராலிக் பம்பை மாட்டும் இடத்துக்கும் ஒரு காரணம் உண்டு. சில துறைகள் அதை கியர் பாக்ஸில் மாட்டாமல் இன்ஜினின் முன்முனையில் நேரடியாக மாட்டச் சொல்லும். கிளட்சை மிதித்து லாரி நின்றிருந்தாலும் தகடு ஏற வேண்டும், இறங்க வேண்டும். முன்னால் பம்புக்கு இடம் வேண்டுமென்றால் சேஸிஸ் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே சட்டம் மூக்குக்கு வெளியே நீண்டிருக்க வேண்டும். பிறகு வெல்டிங் செய்து நீட்டினால் முதல் பனிப்புயலில் விரிசல் விடலாம்.

இதையெல்லாம் எழுதித்தான் கேட்க வேண்டும். அரசு டெண்டரில் பெரும்பாலும் குறைந்த விலைக்காரரே ஜெயிப்பார். எழுதப்படாத எதையும் அவர் தரக் கடமைப்பட்டவர் அல்லர். ஆகவே டெண்டர் ஸ்பெசிஃபிகேஷனில் அச்சு எத்தனை பவுண்டு, சட்டம் எத்தனை தடிப்பு, பம்ப் எங்கே என்று ஒவ்வொரு வரியும் வேண்டும். வெளியாளுக்கு அது சலிப்பூட்டும் காகிதம். எனக்கு அதைப் படித்தால் மனம் நெகிழ்கிறது. ஏதோ ஒரு பின்னிரவில், மலைச்சாலையில், தகடு இறங்காமல் நின்றுபோன ஓட்டுநரின் தவிப்பு அந்த வரிகளுக்குப் பின்னால் இருக்கிறது.

இப்போதும் இந்த லாரி வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. மிசௌரி மாநில நெடுஞ்சாலைத் துறையில் உருவான இழுவைக் கலப்பை லாரியின் பின்னால் டிரெய்லராக வந்து, பக்கவாட்டில் 30 டிகிரி வரை விலகி, பக்கத்துத் தடத்தையும் சேர்த்துத் தள்ளுகிறது. அதை இழுக்கும் லாரிக்கு இன்ஜின், ஹைட்ராலிக், பின் கொக்கி எல்லாம் வேறு கணக்கு. ஸ்பெசிஃபிகேஷனில் இன்னும் சில பக்கங்கள் கூடியிருக்கின்றன.