‘பகுதியாகவோ முழுமையாகவோ’: வேலூர்த் தோல் தொழில் பகுதியின் கணக்கெடுப்பும் வினாவின் தரமும்

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்துவோரே ஈடு செலுத்த வேண்டும் என்னும் நெறிக்காகவே பெரிதும் பேசப்படுகிறது. அதில் சான்றாக எடுத்தாளப்பட்ட கணக்கெடுப்புகள் வினா அமைப்பின் நோக்கில் அதிகம் ஆராயப்படவில்லை எனலாம்.

தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனதாகத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் கண்டறிந்தது. நெல்லைக் கைவிட்டுத் தென்னைக்கு மாறிய நிலமும், புல்லும் முளைக்காத நிலமும் இந்த ஒரே விடைக்குள் அடங்கிவிடும். கேட்டின் பரப்பை அது காட்டுகிறது; ஆழத்தைக் காட்டவில்லை.

திண்டுக்கல் வட்டாரத்தின் 13 சிற்றூர்களில் தன்னார்வ அமைப்பொன்று நடத்திய ஆய்வு, குடிப்பதற்கும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளுள் 350 மாசுற்றன என்றது. குடிநீர்க்குரிய உப்பளவு வேறு, பாசனநீர்க்குரியது வேறு. இரண்டையும் ஒரே விடையில் அடக்கியதால், 350 கிணறுகளுள் குடிக்க மட்டும் ஆகாதவை எத்தனை என்று பிரித்தறிய இயலாது.

கேடு நேர்ந்ததா என்பதை நிறுவ இவை போதுமானவையே. அவற்றைக் குறைத்து மதிப்பிடுதல் முறையன்று. இழப்பீட்டுக் கட்டத்தில்தான் சிக்கல் எழுகிறது. பாதிக்கப்பட்ட குடும்பங்களை இனங்கண்டு தொகை வரையறுக்கும் பொறுப்பைத் தனி ஆணையம் ஏற்க வேண்டும் என்றது தீர்ப்பு. யாருடைய நிலம், எந்தப் பயிர், எத்தனை பருவம் என்று புதிதாகவே கேட்க வேண்டியிருக்கும். ஹெக்டேரை அலகாகக் கொண்ட கணக்கில், அந்நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவருக்கு இடமே இல்லை.